எடைக்கு எடை வெல்லம்

தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் எங்கள் தெருவுக்குக் காலையில் மீன் கொண்டுவரும் ராணியக்கா, கூடையை இறக்குவதற்கு முன்பே என் வயிற்றைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "இன்னா சார், நாளுக்கு நாள் வத்திகினே போறியே, ஒடம்புக்கு எதனா கீதா? சுகரா?" சுகர் இல்லை, நானே விரும்பித்தான் குறைத்தேன் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "வேணும்னேவா?" என்று அவர் கேட்ட விதத்தில், குடியிருக்கும் வீட்டை நானே இடித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அன்று ஒரு பால் சுறாவைத் தேடி எடுத்து நீட்டினார். "புள்ள பெத்தவளுக்கு இத்தான் குடுப்போம். துன்னு, தேறிப்ப." ஈப்போவில் இதே உடம்பைப் பார்த்தால் கிளினிக்கில் இருக்கும் மலாய்த் தாதி "பாகுஸ், சிக்கு" என்று கட்டைவிரலை உயர்த்தியிருப்பார், நல்லது வாத்தியாரே என்று பொருள். இங்கே இருபத்தேழு கிலோ குறைந்தவனுக்கு அனுதாபம்தான் கிடைக்கிறது. ஆனாலும் மலேசிய நண்பர்களே, இந்த அறுபத்தெட்டு வயதில் நான் இவ்வளவு உற்சாகமாக இருந்ததில்லை. சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் ஈப்போவில் பிறந்து, அங்கேயே அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். என் மனைவி கனகா தாம்பரத்துக்காரி. திருமணமாகி வந்து முப்பத்தாறு ஆண்டுகள் என் ஊரில் வாழ்ந்தாள். இப்போது அவள் இல்லை. நான் அவள் ஊரில் வாழ்கிறேன். அவள் தம்பி சேகரின் வீட்டு மாடிக்கு மூன்று மாதம் தங்குவதாக வந்தேன். இது இரண்டாம் ஆண்டு. தண்ணீர் லாரியின் இரைச்சலில் விழிக்கிறேன். கடையில் வாயைத் திறந்தால் "சார் சிலோனா?" என்கிறார்கள். மலேசியா என்றால், "அப்ப தமிழ் எப்டி கத்துகின?" என்று வியக்கிறார்கள். அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கனகாவை நினைத்துக்கொள்கிறேன். என் ஆசிரிய நண்பர்கள் வீட்டுக்கு வந்திருக்கும்போது அவள் "கீது" என்றால், நான் மாணவியைத் திருத்துவதுபோல் "இருக்கிறது" என்று திருத்துவேன். சில ஆண்டுகளில் நண்பர்கள் முன்னால் அவள் பேசுவதே குறைந்துபோயிற்று. அவள் எங்கள் ஊருக்குப் பழகிவிட்டாள் என்று நான் மகிழ்ந்தேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்தது. நான் மயக்கத்தில் கிடந்தபோது, பிழைத்தால் குன்றத்தூர் மலைமேல் என்னைத் துலாபாரத்தில் உட்கார்த்தி எடைக்கு எடை வெல்லம் தருவதாகக் கனகா முருகனிடம் வேண்டிக்கொண்டாள். அப்போது என் எடை நூற்றாறு கிலோ. தேறி எழுந்ததும் சொன்னாள். "கொஞ்சம் எடை குறைச்சிட்டுப் போவோம், அப்பத்தான் டாக்டரும் விடுவார்" என்றேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. உண்மை வேறு. அதற்கு முன்பு அவள் உறவில் ஒரு கல்யாணத்துக்குத் தாம்பரம் வந்திருந்தபோது, பந்தலில் நான் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலி நான்கு காலும் விரிந்து உடைந்தது. அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை. அதே கூட்டத்தின் முன்னால் தராசில் ஏறுவதா? ஒவ்வொரு தைப்பூசம் முடிந்ததும், "எப்பங்க போறது?" என்பாள். "இன்னும் பத்து கிலோ" என்பேன். ஓட்ஸ் தின்று பத்து கிலோ குறைத்தேன். தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக் சோற்றைத் தின்று பன்னிரண்டு ஏற்றினேன். என் வயிற்றைப் பற்றி அவள் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. இரண்டு முறை தனியாக ஊருக்கு வந்து போனாள். அப்போதெல்லாம் மலையேறித் தராசின் முன் நின்று, "அடுத்த வருசம் கூட்டிகினு வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்குவாளாம். இதை அவள் இறந்த பிறகு சேகர் சொல்லித்தான் அறிந்தேன். மூளையில் ரத்தக்கசிவு, மூன்றே நாள். கேட்டுக்கொண்டே இருந்தவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஈப்போ வீட்டை அடைத்துவிட்டு, அவள் சேலைகளை ஒரு பெட்டியில் நிரப்பிக்கொண்டு நூற்றுநான்கு கிலோவோடு இங்கே வந்து இறங்கினேன். அந்த வேண்டுதலை நிறைவேற்றாமல் திரும்புவதில்லை என்று முடிவுசெய்திருந்தேன். ஆனால் வெட்கம் மட்டும் அப்படியே இருந்தது. எண்பதுக்குக் கீழே இறங்கிய பிறகு என்று மீண்டும் ஒரு தவணை வைத்தேன். கனகாவின் கடவுளை நான் மறுத்ததும் இல்லை, நாடியதும் இல்லை. தாமதமாக நாடத் தொடங்கினேன். மேடவாக்கத்தில் ஒரு தியான வகுப்பில் சேர்ந்து இரண்டாம் நாளே குறட்டை விட்டேன். உபதேசங்களை இயர்போனில் கேட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தேன். கடைசியில் வாரம் இருமுறை, பம்மல் வழியாகப் போகும் பேருந்தைப் பிடித்துக் குன்றத்தூர் போய் மலையேறத் தொடங்கினேன். எண்பத்துச் சொச்சம் படிகள். முதல் நாள் ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கும்போது வேறெதையும் நினைக்க முடியாது. நான்காம் மாதம் ஒருநாள் மேலே உட்கார்ந்து மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரமாக வாய்விட்டு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. கனகாவிடமா, முருகனிடமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் பசித்துச் சாப்பிட்டேன், பசி அடங்கியதும் கை தானாக நின்றது. ஈப்போவில் உடம்பை மறைப்பதற்காகக் குறைத்த எடை திரும்பி வந்தது. இங்கே படியில் விட்ட எடை எட்டு மாதமாகத் திரும்பவில்லை.

எழுபத்தேழு ஆனதும் நாள் குறித்துவிட்டு, சேகரோடு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய மிக்சி, புறா, ரோஜாச் செடி எல்லாம் ஒரே வரிசையில் விற்கும் இடம். ஓரத்தில் இருந்த வெல்லக் கடைக்காரர், "மண்டை வெல்லமா, அச்சு வெல்லமா?" என்றார். எங்கள் ஊர்த் தென்னை வெல்லமான குலா மெலாக்கா மட்டுமே தெரிந்த நான் விழித்தேன்.

"துலாபாரத்துக்கு" என்றார் சேகர்.

"கொழந்த எத்தினி கிலோ?"

சேகர் என் தோளில் கைவைத்தார். "கொழந்த இதான்."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அத்தோ மூட்டத் தராசு கீது. ஏறு சார், பாத்துருவோம்."

ஏறினேன். ரோஜாச் செடியோடு நின்ற ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, "எழுபத்தியேழு" என்று ஊருக்கே கேட்கும்படி படித்துவிட்டுப் பேரத்துக்குத் திரும்பினார். யாரும் சிரிக்கவில்லை. பத்து ஆண்டுகள் நான் அஞ்சிய காட்சி அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"மாமா, அக்கா வேண்டிக்கும்போது நீங்க நூத்தியாறு. நீங்க எளைச்சதுல முருகருக்குத்தான் நஷ்டம்" என்று சேகர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் சொன்னது சரி. கனகா அந்தக் குண்டு மனிதனின் உயிரைத்தான் கேட்டாள், அவனுக்கு ஈடாகத்தான் வெல்லம் தருவதாகச் சொன்னாள். அவனுக்காக வெட்கப்பட்டதெல்லாம் நான்தான். பத்து ஆண்டுகள் அவளைக் காக்கவைத்துவிட்டு, அவள் சொல்லையும் சுருக்கிக்கொண்டு போய் நிற்கிறேன். நூற்றாறுக்குக் குறையாமல், நூற்றுப் பத்து கிலோவாகப் போடச் சொன்னேன். சேகர் என்னைப் பார்த்துவிட்டு மூட்டைகளை எண்ணத் தொடங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை அந்தச் சேலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறினேன். இருபத்துநான்கு கிலோ. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டு இன்னும் கைப்பிடியில் இருந்தது. முதல் நாள் உட்கார்ந்த அதே இடங்களில் உட்கார்ந்தேன். இந்தச் சுமையை நான் உடம்புக்குள் வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுகள் நடந்திருக்கிறேன். மீதிப் படிகளில் சேகரும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். மேலே துலாபாரம் பார்ப்பவர், நான் பெட்டியோடு தட்டில் ஏறுவதைக் கண்டு கையை நீட்டி மறித்தார்.

"லக்கேஜ கீழ வெயி சார். இது ஏர்போர்ட் இல்ல."

சேகர்தான் பேசினார். "எங்க அக்கா பொடவைங்கண்ணே. வேண்டிகினது அவங்கதான். இப்ப இல்ல."

அவர் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மடியில நல்லாப் புடிச்சிக்க சார், சாஞ்சிடப் போவுது" என்று சங்கிலியைச் சரிசெய்தார்.

முன்பே ஆள் வைத்து மேலே சேர்த்திருந்த வெல்லத்தைச் சேகர் மூட்டை மூட்டையாக எதிர்த்தட்டில் ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் என் தட்டு கொஞ்சம் அசைந்தது. கனகா என்னைச் சிறுபிள்ளையாக்கி எல்லோர் முன்னாலும் ஊஞ்சலில் உட்கார்த்திவிட்டாள் என்று தோன்றி எனக்குச் சிரிப்பு பொங்கியது. பெட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுததும் அப்போதுதான். கடைசி மூட்டையில் தட்டு தரையை விட்டு எழும்பிற்று. தலைக்கு மேல் ஒரு விமானம் மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்தது. கைப்பிடிச் சீட்டு காற்றில் படபடத்தது. இறங்கலாமா என்று காலை நீட்டிப் பார்த்தேன், தரை எட்டவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் இருங்க மாமா" என்றார் சேகர். இருந்தேன்.