முள்ளா, புல்லா

கிறிஸ்டினாவைப் போல ஒரு அழுத்தக்காரியை நான் பார்த்ததில்லை. வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்குப் பின்னால், மாடியிலிருக்கிற எங்கள் ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. செயற்கைக்கோள் எடுத்த பாலைவனப் படங்கள் எங்களுக்கு வரும். எது புல், எது முள்மரம், எது வெறும் மணல் என்று கோடு போட்டுப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கானமயில் என்றொரு பெரிய பறவை திறந்த புல்வெளியில்தான் முட்டையிடுமாம். அதற்கு எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி. எனக்கு அது பிழைப்பு, அவ்வளவுதான். அவளுக்கு அப்படியில்லை. அவள் புருஷன் சாம்சன் அந்த மணலில்தான் இருந்தான்.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது, ராஜஸ்தானில் சோலார் பேனல் நிறுத்தும் வேலைக்குப் போனவன். பாதியில் வந்தால் அந்த வேலையும் போய்விடும். போன கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அவன் இருக்கிற இடத்துப் படம் வந்தால் இவள் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். லாரியே புள்ளியாகத்தான் தெரிகிறது, உன் ஆள் எங்கே தெரியப் போகிறார் என்று கிண்டல் செய்வேன்.

"தெரியலன்னா இன்னா கல்பனா, அங்கதான கீறாரு" என்பாள்.

போன ஆனியில், அவன் வேலை செய்யும் இடத்தை ஒட்டிய நிலத்தின் படம் எங்களுக்கு வந்தது. அது புல்வெளி என்று முடிவானால் அங்கே பேனல் வைக்க விடமாட்டார்கள், எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சாம்சனே சொல்லியிருந்தான். முள்ளென்றால் இன்னும் ஒரு வருஷம். மழைக்குப் பிறகு எடுத்த படத்தில் இரண்டுமே பச்சை. கோடையில் புல் காய்ந்துவிடும், சீமைக்கருவேலம் மட்டும் பச்சையாக நிற்கும். அதை வைத்துத்தான் பிரிப்போம். ஆனால் அந்தக் கோடைப் படம் முழுக்கப் புழுதி மூடிக் கிடந்தது.

புல்லென்று போட்டுவிடு, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்றேன். முறைத்தாள். மத்தியானம் அவனுக்குப் போன் போட்டு, பக்கத்து நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று கேட்டாள். எல்லாம் கருவேல முள்தான், பேன்ட் கிழிகிறது, ஏன் கேட்கிறாய் என்றான். சும்மா என்று வைத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"எனக்கு மட்டும் அவரு வரணும்னு இல்லியா? ராவெல்லாம் அதே நெனப்புதான்" என்றாள். "இந்த முள்ளுக்காட்ட அந்தப் பறவையோட ஊடுன்னு காட்டிட்டா, நெசமான புல்லக் காப்பாத்தாம விட்டுடுவாங்க. அப்பறம் அது எங்க போயி முட்ட வெக்கும்? அதுங்களாவது ஜோடியா இருக்கட்டுமே."

முள்ளென்றே போட்டாள். அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஆவணியில் ஒரு சாயங்காலம். ஸ்டேஷனில் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். சாம்சன் கூப்பிட்டான். இரைச்சலில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டாள். வேலை நிற்கவில்லையாம், இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்லையாம். குரலைக் கலகலப்பாக வைத்துக்கொண்டுதான் சொன்னான்.

"சர்ச்சுல ஜெபம் பண்ணியா?" என்று கேட்டான்.

"பண்ணேன்யா. வேல நின்னு, நீ வந்துடணும்னு பண்ணேன்."

வண்டி வந்தது, கூட்டம் முண்டியடித்து ஏறியது. நாங்கள் ஏறவில்லை.

"நானும் அதத்தான் கிறிஸ்டி பண்ணேன்" என்றான்.