ஆட்டுக்கு அடித்த பெல்

பாண்டிச்செல்வி சைக்கிள் பழகியபோது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. அது மகள் இசைவாணி ப்ளஸ் ஒன் படிக்கையில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். மகள் நர்சிங் படிக்க மதுரைக்குப் போன பிறகு மூலையில் ஒட்டடை பிடித்துப்போய் நின்றது. நாரணாபுரத்தில் அப்படிப் பல வீடுகளில் சைக்கிள் சும்மா நிற்கிறது. பாண்டிச்செல்விக்குச் சும்மா நிற்கிற எதையும் பார்த்தால் பிடிக்காது. வறண்டு கிடந்த கண்மாய்க்குள் உருட்டிக்கொண்டு போய் நாலு நாள் விழுந்து எழுந்தாள். ஐந்தாம் நாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைத்தெரு வழியாகவே ஓட்டி வந்தாள். டீக்கடையில் ஒருத்தன் சிரித்தான்.

"வாய மூடுலே, ஈ போயிரப் போகுது" என்றாள். சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

அவள் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி ஐந்து கிலோமீட்டர். காலையில் கம்பெனி வேன் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி ஊர் ஊராக இறக்கிவிட்டு வருவதற்குள் ஏழாகிவிடும். எல்லாரும் அதில்தான் போனார்கள். இவள் மட்டும் சைக்கிளில் போனாள். காரணம், வீட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று சென்ட் கரிசல்.

கத்தரி, வெண்டை, சீனியவரை, தண்டங்கீரை, வேலியில் பாகலும் பீர்க்கும் என்று அந்தத் துண்டு நிலத்தை ஒரு சாண் விடாமல் நிரப்பி வைத்திருந்தாள். ஓரத்தில் ஒரு பழைய கிணறு. தண்ணீர் உப்பு, யாரும் குடிக்க எடுக்க மாட்டார்கள், செடி குடிக்கும். சுவர் இடிந்த கிணறு என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே இறைத்தால்தான் உண்டு. பகலெல்லாம் திரியையும் வெடியையும் தொட்ட கையை நன்றாகக் கழுவிவிட்டு ஒரு பிஞ்சு வெண்டையைத் தொடும்போது அவளுக்கு மனசு குளிர்ந்துபோகும். காய் வாங்கச் சந்தைக்குப் போய் இரண்டு வருஷமாகிவிட்டது.

புருஷன் காளீஸ்வரன் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவர். "ஒரு மொபெட்டாவது வாங்கிருவோமே" என்று அவ்வப்போது அரிப்பார்.

"பெட்ரோல் ஊத்திப் போய் வாங்குற காயி நம்ம கொல்லையிலயே காய்க்குது. பெறகு வண்டி எதுக்குங்க?" என்பாள் இவள்.

கம்பெனியில் இவளுக்குச் சரம் பின்னுகிற வேலை. ஒரு நாளைக்கு இத்தனை என்று பேச்சு. மூன்று மணிக்கெல்லாம் முடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். மற்ற பெண்களும் முடித்துவிடுவார்கள்தான். ஆனால் வேன் ஆறு மணிக்குத்தானே. சும்மா இருக்கிற கைக்கு முன்னால் போர்மேன் கனகசபாபதி இன்னொரு தட்டு வெடியைக் கொண்டுவந்து வைப்பார். அதற்குத் தனிக்கூலி கிடையாது, ஒத்தாசை என்று பெயர்.

இரண்டாயிரத்து ஒன்பதில் தீபாவளி சீசன் சூடு பிடித்த நேரம். ஒரு சனிக்கிழமை கனகசபாபதி எல்லாரையும் நிறுத்திச் சொன்னார். "திங்கக்கெழமையில இருந்து எல்லாரும் வேன்லதான் வரணும். சைக்கிள் இரும்பு. எங்கனயாவது ஒரசித் தீப்பொறி வந்தா யாரு பதில் சொல்றது?"

சைக்கிள் எந்த நாளும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றது. ஆனாலும் பாண்டிச்செல்வி அதை நம்பினாள். கொண்டையில் ஊசி இருந்தாலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிற இடம். அங்கே இரும்பு என்று சொன்னால் யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பழைய டியூபைக் கிழித்து ஸ்டாண்டு, கேரியர், பெடல், ஹேண்டில்பார் என்று இரும்பு தெரிகிற இடமெல்லாம் சுற்றிக் கட்டினாள். சைக்கிள் கைகால் முறிந்த ஆள் மாதிரி ஆகிவிட்டது.

திங்கட்கிழமை அதைக் கேட்டில் நிறுத்திக் காட்டினாள். "பாருங்க சார், இரும்பே தெரியல."

கனகசபாபதி சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு, "வேன்ல வந்தா உள்ள வா. இல்லாட்டி வீட்டுல இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாட்ச்மேன் வெள்ளைத்துரை தலையைக் குனிந்துகொண்டே கேட்டைச் சாத்தினார்.

அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கிற குருவம்மாள் வேலி ஓரமாக வந்தாள். டியூப் சுற்றின சைக்கிளைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அடி கூறுகெட்டவளே, இரும்பாவது ஒண்ணாவது. அந்த ஆளுக்குப் பிடிக்காதது ஒன் பெல்லுதாண்டி."

"பெல்லா? அது ஆட்டுக்குல்ல அடிக்கிறேன்."

வேலி திரும்புகிற வளைவில் எப்போதும் ஆடுகள் படுத்துக் கிடக்கும். அவற்றை விரட்டத்தான் இவள் பெல் அடித்தது. ஆனால் உள்ளே வாட்ச்சும் கிடையாது, செல்போனும் கூடாது. மூன்று வருஷமாக அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பெண்கள் நேரம் பார்த்திருக்கிறார்கள். இப்போதெல்லாம் பெல் கேட்டதும் நாலைந்து பேர் எழுந்து சேலையை உதறிவிட்டு, எங்க வேலை முடிஞ்சிருச்சு சார் என்று தட்டைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்களாம்.

பாண்டிச்செல்விக்கு வந்த கோபத்தில் காது அடைத்துப்போனது. தன்னை ஏமாற்றியதைவிட, ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வைத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சுற்றின டியூபையெல்லாம் பிய்த்து எறிந்தாள். மூன்று மணி வரை அங்கேயே இருந்தாள். பிறகு வளைவில் மட்டும் இல்லை, வேலியை ஒட்டி முதல் ஷெட்டிலிருந்து கடைசி ஷெட்டு வரைக்கும் பெல் அடித்துக்கொண்டே போனாள்.

செவ்வாயும் அப்படியே செய்தாள். புதனும் செய்தாள். உள்ளேயிருந்து ஒரு ஆளும் வரவில்லை.

காளீஸ்வரன் பயந்துபோனார். "சீசன்ல மரத்தடியில போய் உக்காந்திருக்கியே. நாளைக்கு வேற கம்பெனியிலயும் ஒன்னய சேக்க மாட்டாக. பிள்ளைக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்கு."

"தெரியும். அதுக்காக நான் இறைக்கிற தண்ணிய அவரு நிறுத்தச் சொன்னா நிறுத்திருவேனா?" என்றாள். சொல்லிவிட்டு வாளியை இழுத்தாள். மகளின் படிப்பு நின்றுபோனால் அந்தப் பழி தன் தலையில்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு வேனில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும். ஏறினால் பத்து நாளில் கொல்லை காய்ந்துவிடும். அதை நினைத்ததும் வாளியை இன்னும் வேகமாக இழுத்தாள்.

வியாழக்கிழமை மூன்று மணி. இவள் பெல் அடித்துக்கொண்டு கடைசி ஷெட்டைத் தாண்டியபோது பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். குருவம்மாள் முதலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் இருபது, இருபத்தைந்து பேர், அன்றைய வேலையை முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்தார்கள். நேராகப் போய்க் கேட்டுக்கு வெளியே நின்ற வேனில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"வண்டி ஆறு மணிக்குத்தான் எடுப்பேன்" என்றார் டிரைவர்.

"எடுங்க. யாரு வேணாம்னா? நாங்க இங்கனயே இருக்கோம்" என்றாள் குருவம்மாள். ஒருத்தி காலை நீட்டிக்கொண்டாள். இன்னொருத்தி வெற்றிலை மடித்தாள்.

கனகசபாபதி கையில் தட்டோடு கேட்டு வரைக்கும் வந்தார். வேனைப் பார்த்தார். அந்தத் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெள்ளைத்துரையிடம் கொடுத்துவிட்டு, வேப்பமரத்தடிக்குத் திரும்பி வந்திருந்த பாண்டிச்செல்வியிடம் வந்தார்.

"சரி தாயி. நாளைக்கு உள்ள வா. சைக்கிள்லயே வா" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்தப் பெல்ல மட்டும் கழட்டிரு" என்றார்.

"சைக்கிள்ல வாரேன். பெல்லு இருந்த எடத்துல இருக்கட்டும்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. பொழுது சாய்வதற்குள் இருபது வாளி இறைக்க வேண்டும். சேலையைச் செருகிக்கொண்டு ஏறி மிதித்தாள். வளைவு வந்ததும் பெல்லை விடாமல் அடித்தாள். அன்றைக்கு அங்கே ஒரு ஆடுகூட இல்லை.