சாமி அறைக்குள் ஒளியும் ரயில்கள்

என் பொம்மை ரயில் மேசையில் பெரிய குறை ஒன்று இருந்தது. அதில் கொக்குவில் ஸ்டேசனை விட்டுப் புறப்படும் ரயில், தூர ஊருக்குப் போனதுபோலக் கண்ணில் படாமல் போய் நிற்க இடமில்லை.

சுவரில் ஓட்டை போட்டு அந்தப் பக்கம் நாலு தண்டவாளம் போட்டால், ரயில்களை வரிசையாக ஒளித்து வைக்கலாம்.

அந்தப் பக்கம் சாமி அறை.

மனைவியிடம் கேட்கப் பயந்தே மாதங்கள் போயின. இன்று காலை பூசை முடித்து வந்தவளிடம் கேட்டே விட்டேன்.

"சாமித்தட்டுக்குக் கீழதானே? ஓம், போடுங்கோ. பூக்கூடை வைக்கிற இடத்தை மட்டும் விடுங்கோ."



பிறகு மேசையடிக்கு வந்து, ரயிலில் ஒரு பெட்டியைத் தொட்டாள்.

"உதுக்குள்ள என்ன?"

"குருநகர் மீன். கொழும்புக்குப் போகுது."

"இஞ்சாருங்கோ, மச்சம் மாமிசம் சாமி அறைக்குள்ள வராது. உந்தப் பெட்டியைக் கழட்டிப்போட்டு கோச்சியை விடுங்கோ."

அது வெறும் பிளாஸ்டிக் என்று நான் வாதாடவில்லை. உடனே கழற்றினேன்.

அதற்குப் பின்னால் நின்ற ஆட்டுப் பெட்டியை அவள் கவனிக்கவில்லை.

உயிரோடு நிற்கிற ஆடு சைவக் கணக்குத்தானே? சொல்லுங்கள். மச்சாள்மார் மட்டும் பதில் போட வேண்டாம், அக்காவிடம் சொல்லிவிடுவீர்கள்.