இருதயமேரியின் இடது முட்டி

என் மனைவி இருதயமேரி ஓட்டக்காரி அல்ல. ஒன்பது வருடமாக மும்பை தாதர் ஸ்டேஷனில் கான்டிராக்டில் பிளாட்பாரம் பெருக்குகிறவள். கான்டிராக்டர் மாறும்போதெல்லாம் வேலை இருக்குமா, இருக்காதா என்று அவளுக்குத் தெரியாது. அதனால்தான் ரயில்வேயில் நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்தாள். எழுத்துத் தேர்வில் தேறியும் விட்டாள். அடுத்தது உடல் தேர்வு. இருபது கிலோ மூட்டையை நடுவில் இறக்காமல் நூறு மீட்டர் கொண்டுபோக வேண்டும், ஆயிரம் மீட்டரை ஐந்து நிமிடம் நாற்பது விநாடிக்குள் ஓடி முடிக்க வேண்டும். ஒரே ஒரு வாய்ப்புதான். வயது வரம்பும் அவளுக்கு அந்த வருடத்தோடு முடிகிறது.

மூட்டையைப் பற்றி எங்களுக்குக் கவலையே இல்லை. தாராவியில் பன்னிரண்டு வயதிலிருந்து குடம் சுமந்தவளுக்கு இருபது கிலோ எம்மாத்திரம். ஓட்டம்தான் உதைத்தது. முதல் நாள் ஆயிரம் மீட்டருக்கு ஆறரை நிமிடம் ஆனது. மூச்சு வாங்கி முடித்துப் பேச்சு வர மேலும் பத்து நிமிடம் ஆனது.

இங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். எனக்குத் தோல் பை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர் வேலை. காலில் எடை கட்டிப் பழகினால், கழற்றியதும் கால் தானாகப் பறக்கும் என்று போனில் யாரோ சொல்வதைப் பார்த்தேன். அன்றைக்கே மிச்சத் தோலில் மணலை அடைத்து, கணுக்காலுக்கு இரண்டு பட்டைகள் தைத்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. இரட்டைத் தையல், பித்தளைக் கொக்கி, மணல் துளிகூடச் சிந்தாது. பட்டறையில் நாலு பேரிடம் காட்டிப் பீற்றிக்கொள்ளவும் செய்தேன்.

மூன்றாவது வாரம் அவளுடைய இடது முட்டி வீங்கிவிட்டது. தேர்வுக்கு இன்னும் பத்து வாரம்தான் இருந்தது.

"நீங்க தச்சது நல்லாத்தான் இருக்கு. என் முட்டிதான் தாங்கல," என்றாள் மேரி. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் மராத்திக்காரப் பெண் பட்டைகளைத் தூக்கிப் பார்த்து, "யார் தைத்தது?" என்று இந்தியில் கேட்டாள். நான் சுவரைப் பார்த்தேன். கணுக்காலில் எடை கட்டி ஓடினால் ஒவ்வோர் அடியும் முட்டியைப் பிடித்து இழுக்கும் என்றாள். பிறகு மேரியை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். வலது காலில் மேரி அசையாமல் நின்றாள். இடது காலில் மூன்று விநாடி தாங்கவில்லை, இடுப்பு சரிந்தது. தண்ணீர்க் குடத்தை எந்த இடுப்பில் வைப்பீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். இடது இடுப்பில்தான் என்றாள் மேரி. இடப்பக்கத்துக் கனத்தைச் சாயாமல் தாங்கியது முழுக்க வலது கால்தானாம். இருபது வருடத்துக்கு மேலாக இடது கால் ஓசியில் கூடவே வந்திருக்கிறது.

இரண்டு வாரம் ஓடக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். வீக்கம் வடிந்ததும் ஒற்றைக் காலில் நிற்பது, நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து எழுவது என்று தொடங்கினாள் மேரி. குடம் வலது இடுப்புக்கு மாறியது. முதல் நாள் பாதித் தண்ணீர் வழியிலேயே போய்விட்டது.

"ஏளா மேரி, தெருவையா கழுவி விடுத?" என்று எதிர்வீட்டு சபுரா சிரித்தாள்.

"என் எடது காலுக்கு டியூஷன் நடக்குக்கா," என்றாள் இவள்.

ஷிப்ட் முடிந்ததும் முதுகுப் பையில் நாலு கிலோ அரிசியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தாதர் பாலத்துப் படிகளில் ஏறி இறங்குவாள். பக்கத்திலேயே எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டினாள். எடையோடு ஏறுவது மட்டும்தான், ஓட்டமெல்லாம் வெறும் உடம்போடு. நான் இம்முறை எந்த யோசனையும் சொல்லவில்லை. இந்த வேலை கைநழுவினால் அது என்னால்தான் என்ற நினைப்பு மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

தேர்வு நாளில் கூட வந்தவர்களை மைதானத்துக்குள் விடவில்லை. கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். முதலில் மூட்டை. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், கோட்டைத் தாண்டினாள், தாண்டியும் நடந்துகொண்டே இருந்தாள். அதிகாரி பின்னாலேயே ஓடிப் போய்க் கையை ஆட்டினார். இறக்கலாமா என்று அவரிடம் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் இறக்கினாளாம்.

பிறகு ஓட்டம். இரண்டரைச் சுற்று. ஒன்றரைச் சுற்றில் என் போனில் மூன்று நிமிடம் முப்பத்தைந்து விநாடி காட்டியது. இப்படியே போனால் தேறாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அவள் குனிந்த தலையை நிமிர்த்தினாள். கடைசிச் சுற்றில் மூன்று பேரை முந்தினாள். இடது காலை விந்தவே இல்லை. அவள் கோட்டைத் தொட்டபோது ஐந்து முப்பத்தொன்று. என் போனை யார் ஒப்புக்கொள்வார்கள்? அரைமணி நேரம் கழித்துத் துண்டுச் சீட்டோடு வெளியே வந்தாள். அதில் தேர்ச்சி என்று போட்டிருந்தது.

ஓடியது அவள், நடைபாதையில் உட்கார்ந்தது நான். நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கியதில் கண்ணீர் நிற்காமல் வந்தது. அவள் முட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வீக்கம் இல்லை.

"கடைசில எப்படி மேரி அவ்வளவு வேகம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"தோத்திருந்தா ஆயுசு பூரா என்னாலதான், என்னாலதான்னு பொலம்பியிருப்பிய," என்றாள். "அத யாரு கேக்கது? அதுக்குப் பயந்துதான் ஓடுனேன்."