ரசமட்டம்

ஓவியக் கூடத்தில் அவருக்குப் பெயரே ரசமட்டம்தான். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதிலாக ஒரு சாண் நீள ரசமட்டம் எட்டிப் பார்க்கும். சுவரில் மாட்டிய படத்தின் மேல் அதை வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுக்கோட்டில் நிற்கும்வரை மனிதர் நகர மாட்டார். தச்சு வேலையிலிருந்து இங்கே வந்தவர். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள் மட்டம் போட்டதில்லை. அவரை மட்டம் தட்டியவர்கள்தான் ஏராளம். "ஆணி அடிக்கிற வேலைக்கு இவ்வளவு அலட்டலா?" என்று மேலாளரே கேட்டிருக்கிறார்.

இந்த முறை வந்தவை ஒரு பெரிய ஓவியரின் அரூப ஓவியங்கள். மூக்கும் கிடையாது, முழியும் கிடையாது. நிறத்தின் மேல் நிறம். பின்பக்கம் அம்புக்குறி இருந்தால்தான் எது மேல், எது கீழ் என்று தெரியும். மூன்று நாள் மெனக்கெட்டு நாற்பது படங்களையும் நூல் பிடித்தாற்போல் மாட்டினார். காரணம் இருந்தது. திறப்பு விழாவுக்கு மகள் வருகிறாள். அப்பாவின் வேலையை அவள் இதுவரை கண்ணால் கண்டதில்லை.

விழாவுக்குச் சற்று முன் ஓவியர் வந்தார். நடுச்சுவரில் இருந்த பெரிய சிவப்புப் படத்தின் மூலையை ஒற்றை விரலால் கீழே தள்ளினார்.

"கொஞ்சம் சாஞ்சாத்தான் இதுக்கு உயிரு. அப்படியே விடுங்க."

ரசமட்டத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஆனால் படம் ஓவியருடையது. கையை எடுத்துக்கொண்டார்.

விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் அந்தப் படத்தின் முன்னால்தானா நிற்க வேண்டும்!

"என்னங்க, கோணலா இருக்கே?"

ஓவியர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "மாட்டுனவருக்கு வயசாயிடுச்சு. கண்ணு சரியாத் தெரியல போல."

கூட்டம் சிரித்தது. மகளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தாள். மேலாளர் விரலைச் சொடுக்கினார். அத்தனை பேர் பார்க்க, ரசமட்டம் ஏணி போட்டு ஏறிப் படத்தை நேராக்கினார். ஆத்திரத்தில் கை நடுங்கியது. அதைப் பார்த்து யாரோ "பாவம், வயசானவரு" என்றார்கள்.

வீடு திரும்பும் பேருந்தில் மகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவரே தொடங்கினார்.

"நான் நேராத்தாம்மா மாட்டினேன். அந்த மனுஷன்தான் வந்து சாச்சுட்டான்."

"சரிப்பா," என்று மகள் அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். "எதுக்கும் ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டிடலாம்."