தங்கச்சி சொல்லாமல் வைத்திருந்த எரிச்சல்

எனக்கு வயது எண்பத்து நான்கு. பெற்று வளர்த்தது ஐந்து. அம்மா போனபோது மூன்று வயதாக இருந்த என் தங்கச்சியையும் சேர்த்தால் ஆறு. அவளுக்கு முப்பத்திரண்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது, என்னுடையதில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்தார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் அது பெரிய செய்தி. மலேசியாவில், கோலாலம்பூர் பக்கம் சுங்கை வேயில் எங்கள் வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துவிட்டு என்னைத்தான் கும்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன்.

காலையில் அவள் எழுந்து வந்ததும் நான் கேட்பது ஒன்றுதான்.

"என் கிட்னி எப்படிடி இருக்கு?"

"ஜோரா இருக்குக்கா. உன்னைய மாதிரியே ஓயாம ஓடுது."

ஆள் இருந்தால் இன்னும் சத்தமாகக் கேட்பேன்.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் கழித்து அவள் எலக்ட்ரானிக் பெக்டரியில் வேலைக்குப் போனாள். அங்கே ஒரு வரிசைக்கு முப்பது பெண்கள். தண்டாஸுக்கு, அதாவது கக்கூசுக்கு, போக ஆணியில் தொங்கும் அட்டை ஒன்றே ஒன்று. எடுத்தவள் திரும்பி வந்து மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். நிறையத் தண்ணீர் குடி, அடக்கி வைக்காதே, ஒண்ணுக்குப் போகும்போது எரிந்தால் அன்றைக்கே வா என்று ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். இவளோ அட்டையை அடிக்கடி எடுக்க வெட்கப்பட்டுத் தண்ணீரையே குறைத்துக்கொண்டாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் பார்லித் தண்ணீர் கேட்டாள். "உடம்பு சூடுக்கா, வேற ஒண்ணும் இல்ல." சூட்டுக்கு வைத்தியம் எனக்கா தெரியாது? பார்லி காய்ச்சினேன். வெள்ளிக்கிழமை தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிர் தூக்கிப் போட்டதில் கட்டிலே ஆடியது. அடிவயிற்றின் வலப்பக்கம், சிறுநீரகம் வைத்த இடத்தில், கை வைக்க விடவில்லை. டாக்ஸி பிடித்து கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். அதட்டினால் வார்டே அடங்கும்.

"எத்தனை நாளா எரியுது, பிள்ளை?"

"ஆறு நாள்."

"ஆறு நாளோ! கிருமி கிட்னிக்கு ஏறிட்டுது. நீங்க குடிக்கிற மருந்து உடம்பின்ர எதிர்ப்பைக் குறைச்செல்லோ வைக்கும். பார்லி குடிச்சு மாறுற விஷயமோ இது? கிட்னி போனாலும் போகும்."

அவர் நகர்ந்ததும் நான் அவள் மேல் பாய்ந்தேன். "ஏண்டி என்கிட்ட சொல்லல?"

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "எப்படிக்கா சொல்றது? விடிஞ்சா என் கிட்னி எப்படி இருக்குன்னு நிக்கிற. உன் சாமானைக் கெடுத்துட்டேன்னு சொல்லவா?"

ஒன்பது நாள். ஊசி ஏறியது, காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. போத்தலில் பிடித்த சிறுநீரை நர்ஸ் மிஸ்ஸி அளந்து எழுதும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் நடப்பேன். "ஆன்டி, உக்காருங்க லா, தரை தேஞ்சிடும்" என்று அந்த மிஸ்ஸி சிரிப்பாள். ஐந்து பிள்ளையும் காய்ச்சலில் கிடந்து பார்த்தவள் நான். கால் அப்படித் தரிக்காமல் போனது அந்த ஒரு தடவைதான். என் வாயால்தான் அவள் வாய் அடைத்தது என்று நடக்க நடக்கத் தெரிந்தது. பத்தாம் நாள் டாக்டரம்மா, "தப்பிட்டுது" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பல நாள் காலையில் நாக்கு நுனி வரை வரும். தேநீரை விழுங்கி உள்ளே தள்ளுவேன். நாலைந்து மாதம் போயிருக்கும். கிள்ளானிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கூடத்தில் நிறைந்திருந்தார்கள். தங்கச்சி அவர்கள் நடுவிலேயே நின்று, "அக்கா, ஒண்ணுக்கு எரியுது, கிளம்பு" என்றாள். ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். அன்றைக்கு மாத்திரையோடு திரும்பிவிட்டோம்.

அதன் பிறகு பதினெட்டு வருடம் அந்தக் கிட்னி அவளுக்கு ஓடியது. அவள் போனது வேறு நோயில்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை எழுத நான்கு நாள் ஆனது. பேத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"வாசி லா, மெதுவா. 'நான் கொடுத்தேன், நான் கொடுத்தேன்'னு எங்கயாச்சும் பீத்தியிருந்தா நிறுத்திச் சொல்லு. அந்த வரியை அடிச்சிடறேன்."