மடிக்கக் கூடாத விரிப்பு

தான் வேலை செய்யும் விடுதியில் அவளுக்கு இஸ்திரியக்கா என்று பெயர். துணி தேய்ப்பவள் அல்ல. அறை சுத்தம் செய்பவள். விரிப்பை உதறிப் போட்டு, மூலைகளை மெத்தைக்கடியில் செருகி, உள்ளங்கையால் ஒரு இழுப்பு இழுத்தாளென்றால் பெட்டி போட்டுத் தேய்த்தது போல இருக்கும். கல்யாணமான வருடம் முதல் ஊரார் தூங்கி எழுந்த படுக்கைகளையே விரித்து வந்தவள், அதில் ஒன்றிலும் ஒருநாள்கூடப் படுத்ததில்லை. ஓரமாக உட்கார்ந்தாலே மேலாளர் கத்துவார்.

அவள் கணவர் கல் அறுப்பவர். சமையல் மேடைக்கான பளபளக்கும் கல்லை அளவாக அறுத்துக் கொடுக்கும் பட்டறை அது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கும், ஆனால் வேலை தாமதமாகும். ஆகவே முதலாளி குழாயைக் கழற்றி வைத்துவிட்டார். மூக்கில் கட்டிக்கொள்ளும் துணியை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். நெஞ்சு முழுக்கத் தூசி படிந்து மூச்சு வாங்கத் தொடங்கியபோது, சிகரெட்டைக் கையால் தொடாத அந்த மனிதருக்குப் பட்டறை மருத்துவர் 'புகைப்பழக்கம்' என்று எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் அவரையும் மிஞ்சினார்கள்: தலையெழுத்து என்றார்கள். தலையெழுத்தை யாரும் மூச்சில் இழுப்பதில்லை. அவர் இழுத்தது கல்தூசி. அதை அடக்க ஒரு குழாய்த் தண்ணீர் போதும்.

இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று மருத்துவமனை கைவிரித்த வாரம், அவர் மகளிடம் தனியாகச் சொன்னார். "உங்கம்மாவ எங்கயாவது கூட்டிட்டுப் போகணும். அவ படுக்கைய வேற யாராவது விரிக்கணும். அவ சும்மா உக்காந்து பாக்கணும்."

மகளுக்கு வீட்டில் வக்கீலம்மா என்று பெயர். எதற்கும் எதிர்வாதம் செய்வாள். இதற்குச் செய்யவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தவள், பெருநகரத்தில் நல்ல அறையாகப் பார்த்து எடுத்தாள்.

அறைக்குள் நுழைந்ததுமே அவர் மனைவியிடம் வார்த்தை வாங்கிக்கொண்டார். "இங்க நீ ஒரு மடிப்புகூட மடிக்கக் கூடாது. சொல்லு."

"சரிங்க. சரின்னா சரிதான்."

காலையில் எழுந்ததும் கைகளைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள், பரீட்சைக்குப் போன பிள்ளை மாதிரி. பகலெல்லாம் ஊர் சுற்றினார்கள். நகரும் படிக்கட்டைப் பார்த்து, "எனக்குன்னே கண்டுபிடிச்சிருக்கான்டி" என்று அவர் சிரித்தார். மற்ற இடங்களில் அவர் பெஞ்சில் உட்கார, தாயும் மகளும் பார்த்துவிட்டு வந்து கதை சொன்னார்கள்.

கடைசி நாள். ஆற்றில் படகில் போய்விட்டு, மாலையில் ரயிலேறுவதாகத் திட்டம். அப்பாவும் மகளும் தேநீர் குடிக்கக் கீழே போனார்கள். துணிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த இஸ்திரியக்கா, கட்டிலில் கிடந்த அவருடைய சட்டையை எடுக்கும்போது தலையணை புரண்டது. அடிப்பக்கத்தில் ரத்தம். உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்து கருத்திருந்தது.

இரவில் இருமியிருக்கிறார். அவள் பார்க்கக் கூடாதென்று தலையணையைத் திருப்பிப் போட்டுப் படுத்திருக்கிறார்.

உறையைக் கழற்றிக் குளியலறையில் சோப்புப் போட்டுக் கசக்கினாள். பிழிந்து, துண்டு போடும் கம்பியில் தொங்கவிட்டாள். அறைக்கு வந்தும் கை நிற்கவில்லை. அலமாரியில் இருந்த மாற்று உறையை மாட்டி, விரிப்பை உதறி, மூலை செருகி, இழுத்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்பது உறைத்தது. அதற்குள் கதவு திறந்தது.

"என்ன இது?" என்றார் அவர்.

அவள் கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"இத்தனை நாள் தாக்குப்பிடிச்சே. கெளம்புற நேரத்துல கை அரிச்சிடுச்சா? உங்க மேலாளர் கட்டிலுக்கடியில இருக்கானா?"

"பழக்கதோஷங்க."

"பழக்கமில்ல, அடிமைத்தனம்!" சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்தது.

"விடுங்கப்பா. குற்றவாளி ஒத்துக்கிட்டாங்க. தண்டனை ஒரு ஐஸ்க்ரீம்" என்றாள் வக்கீலம்மா.

உண்மையைச் சொன்னால் அவர் மறைத்தது வீணாகும். அவள் வசவை வாங்கிக்கொண்டு நின்றாள்.

முகம் கழுவக் குளியலறைக்குள் போனவர் வெகுநேரம் வரவில்லை. குழாய்ச் சத்தமும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "ராத்திரி எச்சி வடிச்சிட்டனா?"

"ஆமா. பச்சப் புள்ள மாதிரி."

மகள் சிரித்தாள். அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அவர் மெல்லக் கட்டிலில் சாய்ந்தார். "படகு வேணாம்மா. கொஞ்சம் படுக்குறேன்." விரிப்பைத் தடவிப் பார்த்து மனைவியிடம் திரும்பினார். "ஊருக்கே விரிச்சியே, எனக்கு இன்னிக்குத்தான் வாய்ச்சிருக்கு. வா, நீயும் படு."

"பொண்ணு இருக்காளேங்க."

"நான் ஜன்னலப் பாக்குறேன்" என்று மகள் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் தோள்கள் குலுங்கியதை, கண்மூடிப் படுத்திருந்த இருவரும் பார்க்கவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது இஸ்திரியக்காவின் கை விரிப்பை நோக்கிப் போனது. அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "இப்படியே விட்டுட்டு வா."

வந்தாள். வழியில் தள்ளுவண்டியோடு நின்ற சுத்தம் செய்யும் பெண்ணிடம் மட்டும், கணவரும் மகளும் லிஃப்டுக்குள் போன பிறகு, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உறை ஒண்ணு ஈரமாத் தொங்குது தங்கச்சி. கறை போயிடுச்சு, உன் சம்பளத்துல பிடிக்க மாட்டாங்க."

அடுத்த மழைக்குள் அவர் போய்விட்டார். மகள் தொழிலாளர் அலுவலகத்தில் நஷ்டஈட்டுக்காக வாதாடிக்கொண்டிருக்கிறாள். பட்டறைக்காரர்கள் அந்தப் 'புகைப்பழக்க'த்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். பட்டறையில் குழாய் இன்னும் கழற்றித்தான் கிடக்கிறது. இஸ்திரியக்கா விடுதிக்குத் திரும்பிவிட்டாள். அவள் விரிக்கும் படுக்கைகளில் இப்போதும் ஒரு சுருக்கம் இருக்காது. வீட்டில் தன் படுக்கையை மட்டும், காலையில் எழுந்ததும் அப்படியே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள்.